தாசில்தாருக்கு இரண்டு சீட்டு

மாட்டுக் கொட்டகையின் கீற்றிடுக்கில் ஒரு மாத்திரை அட்டை சொருகியிருந்தது. அதைப் பார்த்த நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. 'நாய் யாருடையது?' என்று நாம் கேட்கிறோமே, அந்தக் கேள்வியே தப்பு.

இந்த வருஷம் கால்நடை மருந்தகங்களில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டிய விஷயம் என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு ஐந்து வருஷ சர்வீஸ்தான். ஆனால் முப்பது வருஷம் கழித்து எழுதினால் என் தப்பை நானே அழகாக்கிவிடுவேன். இப்போதே எழுதிவிடுவது நல்லது.

என் முதல் மருந்தகம் தஞ்சாவூருக்குக் கிழக்கே, ஒரு வாய்க்கால் கரைக் கிராமத்தில் இருந்தது. விலையில்லா ஆடுகள் கொடுத்துக்கொண்டிருந்த காலம். காலையில் சினை ஊசி, மத்தியானம் ஆடு வழங்கும் முகாம், சாயங்காலம் அதற்கான பட்டியல். மேட்டூர் அணையும் நேரத்துக்குத் திறக்காத வருஷம் அது. குறுவை நடவில்லை, வாய்க்காலில் மண் வெடித்துக் கிடந்தது. நாய்க்கு வைத்தியம் என்று யாராவது வந்தால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கல்லூரியில் படித்ததைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் அல்லவா.

ஒரு புதன்கிழமை கோவிந்தசாமி தன் மொபெட்டின் முன்னால் சாக்கு விரித்து ஒரு கறுப்பு நாயை உட்கார வைத்துக் கொண்டுவந்தார். ஐம்பது வயது இருக்கும். நாய்க்குப் பன்னிரண்டு. முன்னங்காலை ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்தது.

"பேரு என்னங்க?"

"தாசில்தார்."

எங்கள் பராமரிப்பு உதவியாளர் ராணி அக்கா பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "எழுதிக்குங்க டாக்டரம்மா. ஊருல எல்லாருக்கும் தெரியும். எந்த மனுவும் இல்லாமலே ரெண்டு தரப்பையும் தெனம் விசாரிக்கிற ஒரே தாசில்தாரு இவருதான்."

கால் பிசகியிருக்கும் என்று நினைத்தேன். பத்து நாளைக்கு வலி மாத்திரை கொடுத்து, சீட்டில் 'தேவைப்பட்டால் தொடரவும்' என்று எழுதினேன். உரிமையாளர் பெயர்: கோவிந்தசாமி.

அடுத்த வாரம் ஓர் ஆட்டோவில் அதே நாய் வந்து இறங்கியது. கூட வந்தவர் வசந்தா டீச்சர். ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். நாய் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. டீச்சர் அதைக் கவனித்தார்.

"இது யாரு நாய் டீச்சர்?"

"என் நாய்தான். வேற யாரு நாய்?"

ராணி அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு புதிதாக ஒரு சீட்டை எடுத்து, உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் வசந்தா என்று எழுதினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், அதற்குள் எனக்கு ஊர்க்கதை தெரிந்திருந்தது. டீச்சரின் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தை, கோவிந்தசாமியின் அப்பா காலத்திலிருந்து அவர்கள்தான் பயிர் செய்கிறார்கள், பதிவு குத்தகை. டீச்சர் நிலத்தைத் திருப்பிக் கேட்டார், அவர் முடியாது என்றார். பன்னிரண்டு வருஷமாக வழக்கு. வாய்தாவுக்கு வாய்தா தஞ்சாவூர் போய் வருகிறார்கள். இரண்டு வீடும் வாய்க்காலின் இரண்டு கரையில், எதிரெதிரே. நடுவே வாய்க்காலைக் கடக்க ஒரு சிமெண்ட் சிலாப்பு. வழக்கு போட்ட அன்றிலிருந்து அந்த சிலாப்பை இரு வீட்டு மனிதர்களும் தாண்டியதில்லை. அதைத் தாண்டுகிற ஒரே ஜீவன், அதே வருஷம் அந்த வாய்க்காலில் குட்டியாகக் கிடந்து கிடைத்த இந்த நாய். காலையில் டீச்சர் கரையில் தயிர்சாதம், மாலையில் கோவிந்தசாமி கரையில் கருவாட்டுச் சோறு.

பேச்சுவார்த்தையே கிடையாது என்று ஊரில் சொன்னார்கள். அது முழு உண்மை இல்லை. பேசாத வீடுகள் ஜாடை பேசுவது நம் பக்கத்தில் வழக்கம்தானே. சுவரைப் பார்த்தோ குழந்தையைப் பார்த்தோ அடுத்தவர் காதில் விழுகிற மாதிரி பேசுவோம். இவர்கள் நாயைப் பார்த்துப் பேசினார்கள்.

"தாசில்தாரே, களத்துல நெல்லு அளந்தாச்சாமே. நமக்கெல்லாம் தகவல் சொல்லுவாங்களா?" என்பார் டீச்சர், தன் வாசலிலிருந்து.

"தாசில்தாரே, வக்கீல் வச்சுக் கேக்கச் சொல்லுங்க. நம்ம வாயால சொன்னா அது சாட்சி ஆயிடும்," என்பார் கோவிந்தசாமி, மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே.

மூன்றாம் வகுப்பில் அவர் டீச்சரிடம் படித்தவர். அந்த நாயை இருவரும் 'வாங்க, போங்க' என்று மரியாதையாகவே கூப்பிட்டார்கள். எதிர்க்கரைக்கு நேராகக் கொடுக்க மனமில்லாத மரியாதை, நாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் 'போன வாரம் அவரு கொண்டுவந்தாரே' என்று சொல்லி எதற்கு நெருப்பு மூட்ட வேண்டும்? இரண்டு சீட்டு, இரண்டு உரிமையாளர், இரண்டு பக்கமும் நல்ல பெயர். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

காலின் எலும்பு மேல் வீக்கம் கல் மாதிரி இருந்தது. பிசகு அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. டீச்சர் கார் பிடித்தார், நானும் கூடப் போனேன். தஞ்சாவூரில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பைப் புற்று தின்றிருந்தது, நுரையீரலிலும் புள்ளிகள். காலை எடுத்தாலும் பிரயோஜனம் இல்லாத கட்டம்.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன். டீச்சர் நாயின் தலையை மடியில் வைத்திருந்தார்.

"எவ்வளவு நாள்?"

"ரெண்டு மாசம். கூடப்போனா மூணு."

அம்மாப்பேட்டை தாண்டும்வரை அதன் காதைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு, "அந்தக் கரையில இதைச் சொல்லிடாதீங்க. குறுவை போச்சுன்னு அவன் ஏற்கெனவே நொந்து கெடக்கான்," என்றார்.

சாயங்காலம் கோவிந்தசாமி காய்ந்த வயலில் என்னை வழிமறித்தார். "கார்ல போனாரே தாசில்தாரு, என்ன சொன்னாங்க?"

என் கணக்கில் அவரும் உரிமையாளர். மறைக்க எனக்கு உரிமை இல்லை. சொன்னேன். அவர் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து உடைத்தார், அது தூளாகிற வரைக்கும்.

"டீச்சருக்கு முழுசாத் தெரியுமா?"

"ஓரளவு சொல்லியிருக்கேன்."

"அதோட விட்டுடுங்கம்மா. ஒத்தையில இருக்குற மனுஷி."

அவ்வளவுதான், நான் இரண்டு ரகசியங்களின் சொந்தக்காரி ஆனேன். கோவிந்தசாமியிடம் இருந்த பத்து மாத்திரை வெள்ளிக்கிழமையோடு முடியும். டீச்சரிடம் புது அட்டை கொடுத்து, சனிக்கிழமையிலிருந்து தினம் ஒன்று என்றேன். இனி நீங்கள் மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று கோவிந்தசாமியிடம் சொல்லவில்லை. ஏன் என்று அவர் கேட்டால் எதிர்க்கரையில் கொடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டிவருமே. மாத்திரை தீர்ந்தால் தானாக நின்றுவிடும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை நான் ஆடு முகாமில் இருந்தபோது அவர் மருந்தகத்துக்கு வந்திருக்கிறார். அவருடைய சீட்டில் என் கையெழுத்தில் 'தொடரவும்' என்று இருந்தது. ராணி அக்கா தொடர்ந்து கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டைப் பார்த்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

பன்னிரண்டு நாள். காலையில் தயிர்சாதத்தில் ஒரு மாத்திரை, மாலையில் கருவாட்டுச் சோற்றில் ஒரு மாத்திரை. நாளுக்கு ஒன்றுக்கு மேல் கொடுத்தால் வயிற்றைப் புண்ணாக்குகிற மாத்திரை.

பதின்மூன்றாம் நாள் காலை டீச்சர் போன் செய்தார். "தாசில்தார் நேத்துலேர்ந்து சாப்பிடல டாக்டர். கறுப்பா வாந்தி எடுத்தான். இப்ப அந்தக் கரையில போய்ப் படுத்திருக்கான். நான் அங்க வர முடியாது."

போய் இறங்கினேன். நோய் முற்றிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன், சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட ஸ்கூட்டியில் வரும்போதே அடுக்கிக்கொண்டு வந்தேன். கொட்டகையில் நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. நிமிர்ந்தபோது கீற்றில் அந்த அட்டை. பாதி காலி.

கோவிந்தசாமி என் பார்வையைப் பார்த்துவிட்டு, "தெனம் ஒன்னு கொடுக்கறேம்மா. ஒருநாள் கூட விடல," என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

இந்த இடத்தில் நான் செய்திருக்கக்கூடிய ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளை உங்களுக்கும் இந்த வாய்ப்பு வரும். அந்த அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, 'நோய் முத்திடுச்சு' என்று சொல்லியிருக்கலாம். இரண்டு கரையும் நம்பியிருக்கும். என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு நிமிஷம் என் கை அந்த அட்டையின் மேல்தான் இருந்தது.

சலைன் ஏற்றினேன், வயிற்றுக்கு ஊசி போட்டேன். பிறகு கோவிந்தசாமியும் நானும் நாயைச் சாக்கோடு தூக்கிவந்து சிலாப்பின் நடுவில் கிடத்தினோம். கரையோரப் பூவரச மரத்தின் கிளை ஒன்று சிலாப்பின் நடுவரை நீண்டிருந்தது, அதில் பாட்டிலை மாட்டினேன். டீச்சரை அவர் கரையின் ஓரம் வரைக்கும் கூப்பிட்டேன். வந்து நின்றார்.

"ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றேன். ரெண்டு பேரும் மாத்திரை குடுத்திருக்கீங்க. அதுதான் வயித்தப் புண்ணாக்கிடுச்சு. உங்க மேல தப்பு இல்ல. ஒரே நாய்க்கு நான் ரெண்டு சீட்டு போட்டேன். நோய் என்னன்னும் ரெண்டு பேருக்கும் தெரியும். தெரியாத மாதிரி ரெண்டு பேரையும் நடிக்க வச்சதும் நான்தான்."

பிறகு கோவிந்தசாமி நாயிடம் சொன்னார்:

"கேட்டீங்களா தாசில்தாரே. படிச்சவங்க ரெண்டு பேரு சேந்து உங்களக் கவுத்திருக்காங்க."

டீச்சர் விடவில்லை. "கீத்துல ஒளிச்சு வச்சுக் குடுத்தது யாருன்னு கேளுங்க தாசில்தாரே."

"ஒளிக்கல. எலி தூக்கிடும்னு சொருகி வச்சேன். அதையும் குறிச்சுக்குங்க."

நாய் கண்ணைத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இவர்கள் பாஷையில்தான் போக வேண்டும் என்று தோன்றியது. நானும் நாயைப் பார்த்துப் பேசினேன்.

"தாசில்தாரே, அஞ்சு நாள் கழிச்சு வேற வலி மாத்திரை ஆரம்பிக்கணும். நாளுக்கு ஒரே ஒரு வேளை. மாத்திரை இந்தக் கிளையில ஒரு டப்பால இருக்கட்டும். பக்கத்துல நாள்காட்டி மாட்டிடறேன். மாத்திரை போட்டவங்க அன்னிக்குத் தேதியக் கிழிச்சிடணும். தேதி இருந்தா போடல. கிழிஞ்சிருந்தா போட்டாச்சு."

அதற்கும் தகராறு வந்தது. டீச்சர் வீட்டு நாள்காட்டியில் ஒரு கட்சித் தலைவர் படம், கோவிந்தசாமி வீட்டு நாள்காட்டியில் இன்னொரு கட்சித் தலைவர் படம். "தாசில்தாரே, அந்த மூஞ்சிய மாட்டினா நான் மரத்துப் பக்கம் வரமாட்டேன்" என்று இரண்டு கரையிலிருந்தும் கேட்டது. கடைசியில் ராணி அக்கா யூரியா மூட்டைப் படம் போட்ட உரக்கடை நாள்காட்டி ஒன்று கொண்டுவந்து மாட்டினார். "நாம அரசாங்க ஊழியருங்க, எந்தப் பக்கமும் சாயக் கூடாது. யூரியா மூட்டை எல்லாருக்கும் பொது," என்றார்.

நாய் தேறியது. மறுபடி தயிர்சாதம், மறுபடி கருவாடு. ஒரு தேதிகூடத் தவறவில்லை, இரண்டு முறை கிழியவும் இல்லை. சில நாள் விடியும்போதே கிழிந்திருக்கும். யார் முந்துவது என்று போட்டி வேறு. கிழித்த தாள்களைக் கோவிந்தசாமி டப்பாவுக்குள்ளேயே மடித்து வைப்பதை ஒருநாள் பார்த்தேன்.

ஆறு வாரம் போனது. நாய் சிலாப்பைத் தாண்டுவதை நிறுத்திவிட்டது. அதன் நடுவிலேயே படுத்துக்கொண்டது. சோறு இரண்டு பக்கமிருந்தும் அங்கே வந்தது. ஒருநாள் இரண்டு சோறும் தொடாமல் இருந்தது. கால் வீக்கம் உடையும் தறுவாயில், தொட்டால் உடம்பு முழுக்க உதறியது. டப்பாவிலிருந்த மாத்திரைக்கு அந்த வலி இனி கட்டுப்படாது.

காலை ஒன்பது மணி. இருவரும் அவரவர் கரை ஓரத்தில். நான் சொன்னேன், "இதுக்கு மேல வலிய நிறுத்த முடியாது. தூங்க வைக்கிற ஊசி ஒன்னுதான் இருக்கு. போடணும்னா உங்க ரெண்டு பேரு சம்மதமும் வேணும். ஒருத்தர் சம்மதத்துல செய்ய மாட்டேன்."

கோவிந்தசாமி தலையை ஆட்டினார். "கொல்றதுக்கா வளத்தேன்? அது பாட்டுக்குப் போவட்டும்."

டீச்சர் பேசுவதற்கு வழக்கம்போல் நாயின் பக்கம் திரும்பினார். "தாசில்தாரே..." என்றவர் நிறுத்திவிட்டார். நாய் அந்தக் குரலுக்குக் காதை மட்டும் அசைத்தது. இதை அதனிடம் எப்படிச் சொல்வது?

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராக எதிர்க்கரையைப் பார்த்தார்.

"கோவிந்தசாமி."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"இத அவன்கிட்ட சொல்ல முடியாது. அதனால உன்கிட்ட சொல்றேன். அவன் வலிய நாம பாத்துக்கிட்டு நிக்கிறோமே, அது நமக்காகத்தான். அவனுக்காக இல்ல."

கோவிந்தசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"சரிங்க டீச்சர்," என்றார். பிறகு, "இன்னிக்கு மத்தியானம் தண்ணி வந்துடும்னாங்க. மொதத் தண்ணிய அவரு ஒரு வருஷமும் விட்டதில்ல. வாய்க்கால்ல அது கூடவே ஓடுவாரு. அதப் பாத்துட்டுப் போவட்டுமே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நாலைந்து மணி நேரம். வலியில் இருக்கிற ஒரு பிராணிக்கு அது சின்ன நேரமில்லை. மனிதர்களின் ஆறுதலுக்காக அதைக் காக்க வைக்கலாமா? இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. கையில் இருந்ததில் பலமான வலி ஊசியைப் போட்டேன். அரை மணியில் உதறல் நின்று தலையை நீட்டிப் படுத்தது. அது நிற்காமல் இருந்திருந்தால் காத்திருக்கச் சம்மதித்திருக்க மாட்டேன். அதையும் அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மூன்று மணி சுமாருக்குத் தண்ணீர் வந்தது. முதலில் சருகும் நுரையும், பின்னால் கலங்கிய செந்தண்ணீர், வெடிப்புகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு. நாய் எழுந்திருக்கவில்லை. மூக்கை மட்டும் தூக்கி, சிலாப்புக்கு அடியில் தண்ணீர் போகிற திசைக்குத் தலையைத் திருப்பியது. டீச்சர் அந்தக் கரையிலிருந்து சிலாப்பில் ஏறி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். கோவிந்தசாமி இந்தக் கரையிலிருந்து வந்து முதுகில் கை வைத்தார். முதலில் மயக்க ஊசி, தூங்கிய பின் அடுத்தது. வலி எதுவும் தெரியவில்லை. வெயில் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

அன்றைக்குத் தேதி கிழிபடாமல் இருந்ததை ராணி அக்காதான் கவனித்தார். டீச்சர் போய்க் கிழித்தார்.

அந்த ஆறு மாவின் வரப்பு மூலையில் புதைத்தோம். எங்கே என்று இருவரும் விவாதிக்கவே இல்லை. திரும்பும்போது ராணி அக்கா என் காதில், "இனிமே அந்த எடத்துக்கு மூணாவதா ஒருத்தரு உரிமை கொண்டாடுவாரு," என்றார்.

வழக்கு முடியவில்லை. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. அடுத்த வாய்தாவுக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள் என்று கேள்விப்பட்டேன், வேறு வேறு இருக்கையில். இறங்கும்போது டீச்சரின் பையை அவர் இறக்கிக் கொடுத்தாராம். "சாட்சியா போட்டுடாதீங்க டீச்சர்" என்றாராம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். நான் அன்று மனிதர்களிடம் நாசூக்காக நடந்துகொண்டேன். அதன் வலியை நாய் பன்னிரண்டு நாள் சுமந்தது. மிச்சமிருந்ததே கொஞ்ச நாள், அதில் பன்னிரண்டை நான் எடுத்துவிட்டேன். முடிவைச் சொல்லும்போது யார் மனம் நோகும் என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த யோசனையில் தட்டில் இருக்கிற மாத்திரையை மறந்துவிடக் கூடாது.

இப்போது முத்துப்பேட்டைப் பக்கம் மாற்றலாகி வந்திருக்கிறேன். என் சீட்டில் 'உரிமையாளர்' என்று அச்சிட்டிருக்கும் இடத்துக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, 'சோறு வைப்பவர்கள்' என்று எழுதிக்கொள்கிறேன். முந்தாநாள் ஒரு மீனவர் பதினொரு வயதுப் பெட்டை நாயைக் கொண்டுவந்தார். வயிற்றில் கட்டி, முற்றியது. முடிவை அவர் ஒருவரிடம் சொல்லி அனுப்ப மனமில்லை.

"இதுக்கு யார் யார் சோறு வைக்கிறீங்க?"

அவர் விரல் விட்டு எண்ணினார். டீக்கடை, ஐஸ் கம்பெனி, வலை பின்னுகிற பெண்கள், மசூதித் தெருவில் ஒரு வீடு. "பதினாலு பேரு வருங்க."

"எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. ஒரே தடவையா சொல்றேன்."

"எல்லாரும் ஒரே எடத்துல உக்கார மாட்டாங்களே டாக்டரம்மா. அதுல நாலு பேருக்குள்ள ஆகாது."

"பரவால்ல. வரச் சொல்லுங்க."

நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார்கள். மருந்தகத்தில் ஒரு பெஞ்சுதான் இருக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று பெஞ்சு கேட்டிருக்கிறேன், போகும் வழியில் ஒரு நாள்காட்டியும் வாங்க வேண்டும்.